கொல்லாதே, குற்றுயிராக்கு!
(கேள்வி-பதில்)

போன இதழில் ‘பேனர் சாகா’ என்ற வீடியோ கேமைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். வந்த தபாலில் பாதி அதைப் பற்றித்தான். பாராட்டு, திட்டு, சந்தேகம், ஒரு மாமியாரின் புகார் எல்லாம் இருந்தது. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும். அரசியல் எங்கேயும் ஓடிவிடாது.

அது என்ன கேம், ஐயா? ஒன்றும் தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லவும்.
*(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)*

பனி கொட்டும் ஒரு வடதேசம். அங்கே கடவுள்கள் செத்துப்போய்விட்டார்கள். ஒரு நாள் சூரியனும் வானத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. இருட்டவே இருட்டாது. அந்த நேரம் பார்த்து, அழிந்தேபோனதாக நினைத்திருந்த ‘ட்ரெட்ஜ்’ என்ற கல்கவசக் கூட்டம் வடக்கிலிருந்து கிளம்பி வருகிறது. மனிதர்களும், ‘வார்ல்’ எனப்படும் கொம்பு வைத்த ராட்சதர்களும் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடுகிறார்கள். அதில் ரூக் என்று ஒரு வேட்டைக்காரன், அவன் மகள் அலெட். தலைமைப் பொறுப்புக்கு ஆசையே படாத அந்த மனிதன் தலையில் ஊர் மொத்தமும் வந்து விடிகிறது.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை மூன்று. கூட்டத்தை நடத்திக்கொண்டு போவது, வழியில் வருகிற வம்புகளுக்கு முடிவெடுப்பது, கட்டம் போட்ட களத்தில் முறை வைத்துச் சண்டை போடுவது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், பயோவேர் என்ற பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்த மூன்று பேர் ‘ஸ்டோயிக்’ என்று சொந்தக் கடை போட்டுச் செய்தது. முதல் பாகம் 2014 ஜனவரி, இரண்டாவது 2016, மூன்றாவது 2018.

என் மருமகன் ராத்திரி இரண்டு மணி வரை இதைத்தான் ஆடுகிறார். இது எப்போது முடியும்?
*(மாமியார், மதுரை)*

முதல் பாகம் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் அம்மா. கெட்ட செய்தி, இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன்: முதல் பாகத்தின் முடிவைப் பார்த்த அன்று அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், உங்கள் சாம்பாரில் குறை எதுவும் இல்லை.

கட்டம் போட்ட களம் என்றால் செஸ் மாதிரியா? சண்டையில் அப்படி என்ன புதுமை?
*(செஸ் பயிற்சியாளர், சென்னை)*

கட்டம் மட்டும்தான் செஸ்ஸோடு பொருத்தம். புதுமை கணக்கில் இருக்கிறது.

பொதுவாக இந்த ரக கேம்களில் உயிர் வேறு, அடிக்கிற வலு வேறு. நூறு உயிரில் தொண்ணூற்றொன்பதைப் பறிகொடுத்தவனும் கடைசி மூச்சு வரை முழு வேகத்தில் வாளைச் சுழற்றுவான். பேனர் சாகாவில் அந்த அநியாயம் கிடையாது. ஆளுக்கு இரண்டு எண்: சிவப்பில் பலம், நீலத்தில் கவசம். பலம்தான் உயிர், அதே பலம்தான் அடியும். அடி வாங்க வாங்க அடிக்கிற சக்தியும் இறங்கிக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் போடுவோம். எதிரியின் பலம் 12, கவசம் 8. உங்கள் ஆளின் பலம் 10, கவசம் 6. நேராகப் போய் அடித்தால் 10-இல் 8 போக, வெறும் 2 பாயிண்ட்தான் சேதம். அவன் திருப்பி அடித்தால் 12-இல் 6 போக, உங்களுக்கு 6. நஷ்ட வியாபாரம். ஆகவே முதலில் அவன் கவசத்தை உடைக்கிறீர்கள்; 8 என்பது 5 ஆகிறது. அடுத்து உங்கள் வில்லாளி வந்து பலத்தின் மேல் அடிக்கிறாள். அவள் பலமும் 10 என்றால் சேதம் 5. இப்போது எதிரியின் பலம் 7. அவன் ஓங்கி அடித்தாலும் உங்களுக்குப் போவது 1 தான். ஆள் நிற்கிறான், கொம்பு நிற்கிறது, உறுமல்கூட நிற்கிறது. உள்ளே சரக்கு இல்லை.

கவசமா, பலமா என்ற இந்த ஒரே கேள்வியை ஒவ்வொரு அடியிலும் கேட்க வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் இந்தக் கேமின் மூளை இருக்கிறது. இதற்கு மேல் ‘மன உறுதி’ என்று கொஞ்சம் கையிருப்பு உண்டு. அதைச் செலவழித்தால் ஒரு கட்டம் கூட நடக்கலாம், ஒரு பாயிண்ட் கூட அடிக்கலாம். வார்ல் ஆசாமிகள் ஆளுக்கு நான்கு கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால் இடத் தகராறு தனி. என் ஆட்டத்தில் வில்லாளியின் வழியை மறித்தவர்களில் எதிரிகளைவிட நம்ம ஆட்களே அதிகம்.

நான் வேகமாக ஆறு எதிரிகளில் நான்கு பேரைத் தீர்த்துக்கட்டினேன். மீதி இரண்டு பேர் என் ஆறு பேரையும் துவைத்துவிட்டார்கள். கேமில் கோளாறா, என்னிடம் கோளாறா?
*(பொறியியல் மாணவர், திருநெல்வேலி)*

உங்களிடம் கோளாறு இல்லை. நல்லவனாக ஆடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இங்கே முறை எப்படிப் போகும் என்றால், நம்மாள் ஒருவர், அவர்களாள் ஒருவர், நம்மாள் ஒருவர், அவர்களாள் ஒருவர். எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று பார்ப்பதே இல்லை. உங்கள் பக்கம் ஆறு பேர், அவர்கள் பக்கம் இரண்டு பேர் என்றால், உங்கள் ஆறு பேரும் ஆளுக்கு ஒரு முறை ஆடி முடிப்பதற்குள் அந்த இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று முறை ஆடிவிடுவார்கள். நீங்கள் மெலிந்த நான்கு பேரைக் கொன்று, தடித்த இரண்டு பேருக்கு அவர்களுடைய முறைகளையும் சேர்த்துத் தானம் செய்துவிட்டீர்கள்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? கொல்ல மாட்டார்கள். எல்லாரையும் குற்றுயிராக்கி உலவ விடுவார்கள். பலம் 2, 3 என்று இருக்கிற ட்ரெட்ஜ் ஒருவன் களத்தில் நொண்டிக்கொண்டிருந்தால், அவன் முறை வரும்போதெல்லாம் எதிரணிக்கு ஒரு முறை வீண். எதிரணியில் ஒரே ஒருவன் மிஞ்சும்போது மட்டும் இந்த விதி விலகும். நம்மவர்கள் எல்லாரும் வரிசையாகப் போட்டுத் தாக்கிய பிறகுதான் அவனுக்கு முறை வரும்.

வியூகம் என்று பார்த்தால் இது அபாரம். நாலு பேர் விழுந்ததும் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சலித்துப்போகிற வியாதி இதில் இல்லை. கதை என்று பார்த்தால் இதுதான் பெரிய ஓட்டை. ஊரைப் பறிகொடுத்து, குலநாசத்துக்குத் தப்பி ஓடிவந்த கூட்டம், கண்ணெதிரே சாகக் கிடக்கிற எதிரியைச் சாகவிடாமல் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது! ரூக்கின் முகத்தில் ஆத்திரத்தை வரைந்திருக்கிறார்கள். என் கையோ மவுஸை வேறு பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கிறது.

வார்ல்களில் பெண்களே இல்லையாமே?
*(அக்கறையுள்ள வாசகி, திண்டுக்கல்)*

இல்லை. குழந்தைகளும் இல்லை. அவர்களை ஒரு கடவுள் நேரடியாகச் செய்தார், அவர் போய்விட்டார். இருக்கிறவர்கள் போனால் இனமே போச்சு. இதைக் கதையில் யாரும் மேடை போட்டு முழங்குவதில்லை. பேச்சுவாக்கில் வந்து விழுகிறது. இந்த கேமில் எழுதியவரின் கை தெரிவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

‘ரினௌன்’ என்று ஒரு பாயிண்ட் கொடுக்கிறார்கள். எதற்குச் செலவழித்தாலும் தப்பாகவே தோன்றுகிறது. நான் கஞ்சனா?
*(வங்கி ஊழியர், ஈரோடு)*

நீங்கள் குடும்பஸ்தர். எதிரியை வீழ்த்தினாலும், நல்ல முடிவு எடுத்தாலும் ரினௌன், அதாவது புகழ், சேரும். வீரர்களின் லெவலை ஏற்றவும் அதுதான் வேண்டும். கையில் கட்டிவிடத் தாயத்து மாதிரி ஏதாவது வாங்கவும் அதுதான். கூடவே நடந்து வருகிற சனங்களுக்குச் சாப்பாடு வாங்கவும் அதேதான். ஒரே சம்பளத்தில் மளிகை பாக்கி, பையனின் டியூஷன் ஃபீஸ், பெண்ணின் கொலுசு மூன்றையும் பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும், அதுதான் உங்கள் நிலைமை.

இன்னும் கொஞ்சம் இறுக்கியும் வைத்திருக்கிறார்கள். சண்டையில் விழுந்த வீரன் சாக மாட்டான். காயத்தோடு எழுந்து வருவான், சில நாளைக்குப் பலம் குறைந்திருக்கும். ஓய்வு கொடுத்தால் தேறுவான். ஓய்வு என்றால் முகாம். முகாம் என்றால் நாள். நாள் என்றால் சாப்பாடு. சாப்பாடு என்றால் ரினௌன். சண்டையில் ஒரு கட்டம் தப்பாக நகர்ந்ததற்கு இரண்டு நாள் கழித்து மூட்டையில் தானியம் குறைகிறது. சண்டை, பயணம், கதை மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிய கேம்கள் அதிகம் இல்லை. பெரும்பாலானவற்றில் சண்டை ஒரு அறையிலும் கதை பக்கத்து அறையிலும் இருக்கும்.

பாராட்டிவிட்டேன், இப்போது குட்டு. சாப்பாடு தீர்ந்தால் சனங்கள் சாகிறார்கள். எப்படி? திரையின் மேலே இருக்கிற எண் குறைகிறது. அவ்வளவுதான். அவர்களுக்கு முகமில்லை, பேரில்லை, அழுகையில்லை. ஆட்டத்தில் பெரிய பாதகமும் இல்லை. கணக்குப் பார்த்து ஆடுகிறவன் சனங்களைப் பட்டினி போட்டுவிட்டு மொத்தப் புகழையும் ஆறு வீரர்கள் மேல் கொட்டினால், அவனுக்குத்தான் வழி சுலபம்! அகதிகளின் கதையைச் சொல்ல வந்தவர்கள் அகதிகளை வெறும் எண்ணாக விட்டது, என்னைக் கேட்டால், முதல் பாகத்தின் ஆகப்பெரிய குறை. நான் சாப்பாடு வாங்குகிற கட்சி. அதனாலேயே பல சண்டைகளில் உதை வாங்கினேன்.

பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன், சண்டையில் இல்லை, ஒரு பத்தி வசனத்தில் செத்துப்போனான். இது நியாயமா?
*(கோபத்தில் இருப்பவர், கோயம்புத்தூர்)*

நியாயம் இல்லை. அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

மற்ற கேம்களில் மரணம் களத்தில் நடக்கும். ஜப்பானிய ‘ஃபயர் எம்ப்ளம்’ வரிசை 1990-லிருந்தே அப்படித்தான். களத்தில் போனவன் போனவன்தான். அங்கே தப்பு செய்தது நான் என்று மனசுக்குத் தெரியும். பேனர் சாகாவில் களம் பத்திரமான இடம். ஆபத்து வசனத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று வாய்ப்புகள் வரும்: போய்ப் பிடி, விட்டுவிடு, வேறு ஆளை அனுப்பு. நல்ல மனசோடு ஒன்றை அழுத்துவீர்கள். அடுத்த பத்தியில் ஒரு வீரன் இருக்க மாட்டான். இரக்கப்பட்டுக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்ட ஒருவன், நான்கு மணி நேரம் கழித்து இரக்கத்துக்கு வட்டியோடு பதில் சொல்லுவான். யார் என்று சொல்ல மாட்டேன். மதுரை மருமகன் இன்னும் அங்கே வராமல் இருக்கலாம்.

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. சில முடிவுகளுக்கு முன்கூட்டியே தடயம் இருக்கிறது. கவனமாகப் படித்திருந்தால் ஊகித்திருக்கலாம். சில இடங்களில் தடயமே கிடையாது. காசைச் சுண்டிவிட்ட மாதிரிதான். முதல் வகை இலக்கியம். இரண்டாவது வகை, போன வாரம் முழுக்கச் சேர்த்த புகழை எவன் தலையில் கொட்டினீர்களோ அவனை எடுத்துக்கொண்டு போகிற வழிப்பறி. அந்தப் புகழ் திரும்பி வராது. ஆனால் ஒன்று: முதல் பாகத்தில் எடுத்த முடிவுகள் அடுத்த பாகங்களுக்கும் கூடவே வருகின்றன. இங்கே செத்தவன் அங்கே எட்டிப் பார்க்க மாட்டான். நான்கு வருட இடைவெளியில் வந்த மூன்று கேம்களில் இந்தக் கணக்கை விடாமல் வைத்துக்கொண்டது சாதாரண வேலை இல்லை.

இந்தக் கேமுக்கும் ‘கேண்டி க்ரஷ்’ஷுக்கும் சண்டை வந்ததாமே? மிட்டாய்க்கும் ராட்சதனுக்கும் என்ன வாய்க்கால் தகராறு?
*(வாசகர், நாகர்கோவில்)*

பெயர்த் தகராறு. ‘கேண்டி க்ரஷ் சாகா’வின் சொந்தக்காரர்களான கிங் நிறுவனம், ‘பேனர் சாகா’ என்ற பெயரை ஸ்டோயிக் பதிவு செய்ய முயன்றபோது ஆட்சேபணை தாக்கல் செய்தது. அந்தச் செய்தி வெடித்ததும் கேம் வெளியானதும் ஒரே மாதம், 2014 ஜனவரி. கிங் தரப்பு வெளிப்படையாகவே சொன்னது: இவர்கள் எங்களைக் காப்பியடித்ததாக நாங்கள் நினைக்கவில்லை, ஆனால் இவர்களை விட்டால் நாளைக்கு நிஜமாகவே காப்பியடிக்கிறவனை எப்படித் தடுப்பது? அதாவது, நீ திருடன் இல்லை என்று தெரியும், இருந்தாலும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டுப் போ. அந்த ஏப்ரலில் சமரசமாகி, ஸ்டோயிக் தன் பெயரை வைத்துக்கொண்டது. மிட்டாய் கம்பெனி ஓசியில் செய்துகொடுத்த விளம்பரம் எவ்வளவு பெறும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா தெரியாது.

மூன்று பேருக்கு ஏது இவ்வளவு பணம்?
*(சிறுதொழில் முனைவோர், சிவகாசி)*

கையேந்தினார்கள். கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2012-இல் 1 லட்சம் டாலர் கேட்டார்கள். 20 ஆயிரம் பேர் சேர்ந்து 7 லட்சத்து 23 ஆயிரம் கொடுத்தார்கள். கேட்டதைப்போல ஏழு மடங்கு வந்தால் வேலை முடியாது, பெரிதாகும்.

படம் வரைந்தது மாதிரி இருக்கிறதே?
*(ஓவியக் கல்லூரி மாணவி, சென்னை)*

வரைந்ததுதான். டிஸ்னியின் 1959-ஆம் வருடத்து ‘ஸ்லீப்பிங் பியூட்டி’க்குப் பின்னணி தீட்டிய ஐவிண்ட் எர்லின் பாணியைப் பின்பற்றியிருக்கிறார்கள். ஒளித்து மறைக்கவும் இல்லை. கதையில் ஒரு மந்திரக்காரனுக்கு ஐவிண்ட் என்றே பேர். மலைச்சரிவில் எறும்பு வரிசையாகக் கூட்டம் போகும். அதன் பின்னால் பனிமலை மெதுவாக நகரும். ஒரு பொத்தானும் அழுத்த வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இசை ஆஸ்டின் வின்டரி, ‘ஜர்னி’ என்ற கேமுக்கு இசையமைத்தவர். டல்லஸ் விண்ட்ஸ் குழுவின் ஊதுகருவிகளை முன்னால் நிறுத்தியிருக்கிறார். ஹெட்போன் போட்டுக் கேட்கவும். மாமியாருக்கும் நிம்மதி.

குரல் மட்டும் கஞ்சத்தனம். பெரும்பாலான வசனம் எழுத்தில்தான். படிக்கச் சோம்பல் உள்ளவர்கள் கிட்டே போக வேண்டாம். தமிழிலும் கிடையாது.

‘பால்டர்ஸ் கேட் 3’ முடித்துவிட்டு இதைத் தொடங்கினேன். சப்பென்று இருக்கிறது.
*(மென்பொருள் பணியாளர், பெங்களூரு)*

இருக்கும். அங்கே நூறு வழி. கதவை உடைக்கலாம், பூட்டைத் திறக்கலாம், காவல்காரனைப் பேசியே கவிழ்க்கலாம். பேனர் சாகாவில் சாலை ஒன்றுதான்; அதில் யார் யாரோடு போய்ச் சேர்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. முதல் பாகத்தில் எதிரி ரகமும் குறைவு. பாதிக்கு மேல் அதே ட்ரெட்ஜ், அதே கட்டம், அதே கவசக் கணக்கு. ஏழாவது மணி நேரத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டாம் பாகத்தில் இதைத் திருத்தினார்கள்: பாதி உடம்பு குதிரையான ஒரு புது இனம், புதுப் புது எதிரிகள், கூடவே வருகிற சாதாரண சனங்களுக்குப் பயிற்சி கொடுத்துப் போர்வீரர்களாக்கும் வசதி. மூன்று பாகத்தில் ஆட்டமாக நன்றாக இருப்பது இரண்டாவது. மனசில் நிற்பது முதலாவது. மூன்றாவதில் இருள் உலகத்தை விழுங்கிக்கொண்டு வர, ஒரு நகரத்துக்குள்ளே நெருக்கிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். உள்ளே எடுக்கிற முடிவுகளைப் பொறுத்து வெளியே போனவர்களுக்கு நாள் கூடும், குறையும். யோசனை நல்லது. அலை அலையாக வருகிற சண்டைகள் கொஞ்சம் நீளம்.

மொபைலில் ஆடலாமா?
*(பெயர் இல்லை, ஊர் இல்லை, பேருந்தில் எழுதியது போலிருக்கிறது)*

முதல் பாகம் 2014-லேயே போனுக்கு வந்தது. முறை வைத்து ஆடுகிற ஆட்டம். இறங்க வேண்டிய ஸ்டாப்பை யோசித்துக்கொண்டே ஆடலாம். டேப்லெட் இருந்தால் நல்லது. சின்னத் திரையில் கட்டம் தவறிக் கை வைத்தால், அதற்கும் சாப்பாட்டு மூட்டையில்தான் கை வைப்பார்கள்.

முதல் பாகத்தின் கடைசிச் சண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் ஆட்கள் எல்லாம் நோஞ்சான். புகழ் முழுக்கச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. திரும்ப முதலிலிருந்தா?
*(மருமகன், மதுரை)*

அட, நீங்களா! வேண்டாம், முதலிலிருந்து வேண்டாம். கேம் உங்களைத் தண்டிப்பது நிஜம்தான். பத்து மணி நேரம் மெதுவாக ஏறி வந்த மலை கடைசியில் சுவராக நிமிர்ந்துவிடுகிறது. சனங்களுக்குச் சோறு போட்டவன்தான் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறான்.

செய்ய வேண்டியது இது. ஆப்ஷனில் போய்க் கடினத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுவிலும் மாற்றலாம், கௌரவம் பார்க்காதீர்கள். கவசம் உடைப்பதில் கெட்டிக்காரர்களை முன்னால் நிறுத்துங்கள். அவர்களுக்குப் பலம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, உடைக்கிற வேலைக்குப் பலம் கேட்காது. வில்லாளிகளைப் பின்னால் வையுங்கள், அவர்கள் மன உறுதியை முதல் இரண்டு சுற்றில் வீணாக்காதீர்கள். தடியன்களில் ஒருவனைக் குறி வைத்து இறக்குங்கள். குற்றுயிராகத் திரிகிற சில்லறை ஆசாமிகளைத் தொடவே தொடாதீர்கள்.

சண்டைக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள், அப்பாவா மகளா என்று. அதற்கு மட்டும் என்னிடம் யோசனை கேட்காதீர்கள். உங்கள் மாமியாரிடமும் வேண்டாம்.